தோப்புக்குள் நான் போட்ட கோடு

1

இந்த நாட்டில் ஒருவன் ஒரே இடத்தில் பன்னிரண்டரை வருடம் வேலை பார்த்துவிட்டால் விழா எடுப்பார்கள். பத்து இல்லை, பதினைந்து இல்லை, பன்னிரண்டரை. இருபத்தைந்தில் பாதியாம். வெள்ளி விழா வரைக்கும் ஆள் தாக்குப்பிடிப்பானோ மாட்டானோ என்ற சந்தேகத்தில் பாதிச் சந்தோஷத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார்கள் போலிருக்கிறது. கேக்கை விழா நாயகனே வாங்கிக்கொண்டு போக வேண்டும். போன ஆனி மாதம் நானும் வாங்கிக்கொண்டு போனேன்.

நெதர்லாந்துக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. முதல் ஒன்பது, பத்து வருடம் ஒரு பூக்கிடங்கில் வாளி தூக்கினேன். அதன் பிறகு ஒரு பல்கலைக்கழகத்தின் புவியியல் துறையில் வரைபடம் வரைகிறேன். ஊரில் இருந்தபோது தென்காசியில் ஒரு தனியார் சர்வேயரிடம் படம் வரையக் கற்றுக்கொண்டிருந்தேன். அது இங்கே சோறு போட்டது. என் பதவிக்கு டச்சு மொழியில் ஒரு பெயர் இருக்கிறது, மூச்சு விடாமல் சொல்லி முடிக்க முடியாது. என் மனைவி அதைக் கோடு போடுகிற வேலை என்பாள். அவள் சொல்வதுதான் சரி.

விழாவில் எனக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். நான் வரைந்த ஒரு படத்தையே பெரிதாக்கித் துணியில் அச்சடித்து, மரச்சட்டம் போட்டிருந்தார்கள். குற்றாலமும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் உள்ள படம். என் மகள் சுபாவின் ஆய்வுக் கட்டுரைக்காக வரைந்தது. எங்கள் துறைப் பேராசிரியர் கேக்கை வாயில் வைத்துக்கொண்டே பேசினார். "தன் சொந்த நிலவெளியைத் தன் கையாலேயே மீட்டெடுத்தவர் இவர்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அந்த மனிதர் குற்றாலத்தைப் பார்த்ததில்லை. கடல் மட்டத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு மலையைப் பற்றி மூன்று புத்தகம் எழுதியவர்.

அந்தப் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரயிலில் வரும்போதுதான் அக்காவின் அழைப்பு வந்தது.

"ஏலே தம்பி, அண்ணாச்சி வழிய அடைச்சுட்டாவ லே" என்றாள். அழுதிருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. "சிமெண்டுத் தூண் நட்டு முள்ளுக்கம்பி கட்டிட்டாவ. நான் எங்கன போவேன் இனி?"

2

என் துறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஊரில் இருக்கிற நீங்கள் பல்கலைக்கழகம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்கிறீர்கள்.

இங்கே நிலத்துக்கு நிலம் என்று பெயர் கிடையாது. வெளி என்பார்கள், நிலவெளி என்பார்கள், நீர்வெளி என்பார்கள். வெளி என்பது தானாக இருப்பதில்லை, அது உற்பத்தி செய்யப்படுகிறது என்று வாரம் ஒரு கருத்தரங்கு நடக்கும். ஒரு நாள் பருவமழையும் மனித உடலும் என்பது தலைப்பு. வெளியே தூறல் விழுகிறது என்று ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தார்கள். பன்னிரண்டரை வருடத்தில் இந்தக் கட்டடத்துக்குள் சேறு பட்ட செருப்பு ஒன்றை நான் பார்த்ததில்லை.

ஒரு முறை கீழப்பாவூர்ப் பக்கத்துப் படம் ஒன்று என் மேசைக்கு வந்தது. யாரோ ஒரு ஆராய்ச்சியாளர் கோடையில் எடுத்த செயற்கைக்கோள் படத்தை வைத்து நிறம் பிரித்திருந்தார். அங்கே இருக்கும் குளம் அந்த மாதத்தில் வற்றிக் கிடக்கும். ஆகவே குளம் முழுக்கப் பழுப்பு, அதாவது பயனற்ற நிலம். மழை பெய்தால் நிரம்பும், நாற்று நடும்போது ஊரே அதை நம்பி இருக்கும் என்று எழுதி, நீலமாக மாற்றி அனுப்பினேன். இரண்டே வரியில் பதில் வந்தது: தனிப்பட்ட அனுபவத்தைத் தரவுகளோடு கலக்க வேண்டாம். குளம் பழுப்பாகவே அச்சேறியது. மழை பெய்து குளம் நிரம்பியபோது யாரும் அதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை.

அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டேன். மாதச் சம்பளம் வாங்குகிறவனுக்கு அது எளிது. மனதுக்குள் இவர்களையெல்லாம் இளக்காரமாகப் பார்த்துக்கொண்டு, கையால் இவர்கள் கேட்ட கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தேன். நான் வேறு, இவர்கள் வேறு என்ற நினைப்பு எனக்கு.

3

எங்கள் ஊர் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிறது. பெயரை எழுதப் போவதில்லை. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

அக்காவின் வீடும் மாட்டுத் தொழுவமும் ஒரு பக்கம். அவள் பால் ஊற்றுகிற டீக்கடைகள் குற்றாலம் ரோட்டில், மறு பக்கம். நடுவில் ஒரு தென்னந்தோப்பு. தோப்புக்குள் நுழைந்து போனால் பத்து நிமிடம். ரோட்டைச் சுற்றிப் போனால் முக்கால் மணி நேரம். அதுவும் சாரல் காலத்தில் அந்த ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேனும் பஸ்ஸும் தலையில் துண்டு கட்டிய கூட்டமும். அக்காவுக்கு முழங்கால் வேறு சரியில்லை. அத்தான் போன பிறகு இரண்டு மாடுதான் அவளுக்கு வருமானம்.

தோப்பு ஒரு பெரிய வீட்டு அண்ணாச்சிக்குச் சொந்தம். அவர் அப்பா காலத்திலிருந்தே எங்கள் தெருவுக்கு அதில் நடக்க விட்டிருக்கிறார்கள். பத்திரத்தில் கிடையாது, பட்டாவில் கிடையாது, சர்வே படத்தில் கிடையாது. அதற்கென்று ஒரு முறை உண்டு. வருடத்தில் ஒரு நாள், சித்திரை முதல் தேதி, அண்ணாச்சி தன் கையால் ஒரு முள்கிளையை வெட்டி வழியின் வாயில் போடுவார். அன்றைக்கு யாரும் நடக்கக் கூடாது. மறுநாள் காலையில் தெருவிலிருந்து யாராவது போய், "அண்ணாச்சி, நடந்துக்கிடட்டுமா?" என்று கேட்க வேண்டும். "போங்க, வாங்க" என்பார். அவரே வந்து முள்ளை இழுத்துப் போடுவார். அவ்வளவுதான். இன்னொரு வருடத்துக்கு வழி உண்டு.

சின்ன வயதில் இது எனக்குப் பண்ணையார்த்தனமாகத் தெரிந்தது. சர்வேயரிடம் வேலைக்குப் போன பிறகுதான் புரிந்தது. எழுத்தில் ஏறிவிட்டால் அது பாத்தியம், சட்டப்படி உரிமை. பாத்தியம் என்றால் தோப்பை விற்க முடியாது, வேலி போட முடியாது, கோர்ட்டுக்கு அலைய வேண்டும். ஆகவே புத்தியுள்ள எந்த நிலக்காரனும் எழுதி வழி விட மாட்டான். எழுதாமல் இருக்கிற வரைக்கும் அவனுக்குப் பயமில்லை, நமக்கு நடை உண்டு. அந்த சர்வேயர் ஊர் ஊராக அளக்கும்போது இப்படிப்பட்ட வழிகளை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். அளவுச் சங்கிலியை அதன் மேலேயே இழுத்துக்கொண்டு போவார், படத்தில் போட மாட்டார்.

இது எனக்குத் தெரியும். இதைத் தெரிந்துகொண்டுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

4

சுபாவுக்கு இந்த நாட்டுக்கு வரும்போது நாலு வயது. இப்போது என் துறையிலேயே ஆராய்ச்சி மாணவி. அவள் தமிழ் புரியும்படி இருக்கும், ஆனால் எல்லோரையும் "நீங்கள்" என்றுதான் கூப்பிடுவாள், அக்காவின் மாட்டைக்கூட. குற்றாலத்தைச் சுற்றியுள்ள பெண்கள் தங்கள் இடத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது அவள் ஆய்வு. இரண்டு மாதம் அக்கா வீட்டில் தங்கினாள். பெண்களைக் கூட்டி, சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்து, "உங்கள் ஊரை வரையுங்கள்" என்றாள்.

அக்கா தொழுவத்தை வரைந்தாள். கோயில், டீக்கடை, பஸ் நிற்காத பஸ் ஸ்டாப், எல்லாம் வரைந்தாள். தோப்பையும் வரைந்தாள். வழியை மட்டும் வரையவில்லை.

"தினமும் இதில்தானே நடக்கிறீர்கள் அத்தை, ஏன் போடவில்லை?" என்று சுபா கேட்டிருக்கிறாள்.

"அதெல்லாம் படத்துல போடப்பிடாதுட்டி" என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

இந்த ஒரு வரிக்கு என் மகள் இருபது பக்கம் எழுதினாள். தங்கள் வெளியைத் தாங்களே சொல்லத் துணியாத பெண்களின் மௌனம் என்று. பேராசிரியருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓரத்தில் மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தார். அந்த மௌனத்தை உடைக்க வேண்டும், மறைக்கப்பட்ட பாதையை வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றார். சுபா அக்காவோடு பால் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள், கையில் போன். போன் தானாகவே பாதையைக் குறித்துக்கொண்டது. அந்தக் கோடு என் மேசைக்கு வந்தது.

நான் முதலில் புள்ளிப் புள்ளியாகப் போட்டேன். புள்ளிக் கோடு என்றால் இனிமேல் வரப்போகிற பாதை என்று அர்த்தம், மாற்றுங்கள் என்று கட்டுரையை வெளியிடவிருந்த ஆய்விதழிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். குறியீட்டுப் பட்டியல் ஒன்று உண்டு, அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். நெடுஞ்சாலை, ஊர்ச்சாலை, ரயில் பாதை, பொது நடைபாதை. அண்ணாச்சி விட்ட வழி என்று ஒன்று அந்தப் பட்டியலில் இல்லை. பொது நடைபாதை என்பதை அமுக்கினேன். கோடு அழுத்தமாக விழுந்தது. கீழே விளக்கத்திலும் ஏறியது.

ஒரு நொடி கை நின்றது என்பது உண்மை. அப்புறம் மகளின் முதல் கட்டுரை, தாமதம் பண்ண வேண்டாம் என்று நினைத்தேன். யார் இதைப் படித்துக் கிழிக்கப் போகிறார்கள் என்றும் நினைத்தேன். எங்கள் துறையில் எழுதுவதை எழுதினவரும் அவர் மனைவியும் தவிர வேறு யாரும் படிப்பதில்லை.

இதை மட்டும் படித்தார்கள். சுபா பெருமையாகத் தமிழில் ஒரு சுருக்கம் எழுதி, படத்தில் இருந்த சொற்களையும் தமிழாக்கி, ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டாள். அண்ணாச்சியின் மருமகன் தென்காசியில் வக்கீல். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். மாமனாரின் தோப்புக்கு நடுவில் "பொது நடைபாதை". அடியில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் முத்திரை.

5

அக்கா மூன்று வாரம் ரோட்டைச் சுற்றி நடந்தாள். ஒரு நாள் வேனுக்கு ஒதுங்கும்போது கால் பிசகிக் கேன் கவிழ்ந்துவிட்டது. பால் தாமதமாக வருகிறது என்று ஒரு டீக்கடை பாக்கெட் பாலுக்கு மாறிவிட்டது. சிவப்பி என்ற மாட்டை விற்றுவிடலாமா என்று என்னிடம் கேட்டாள். அத்தான் இருக்கும்போது வாங்கிய மாடு அது.

நான் அண்ணாச்சியைப் போனில் பிடித்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் சாரல் எப்படி என்று விசாரித்தேன்.

"சாரலுக்கு என்ன, நல்லா அடிக்குது" என்றார். "நீங்க வழியப் பத்திப் பேசத்தான கூப்பிட்டிய? பேசுங்க."

"அண்ணாச்சி, அக்கா ரொம்பச் சிரமப்படுதா..."

"தெரியும் தம்பி. நான் உங்க அக்காவ அடைக்கல. உங்க கோட்டத்தான் அடைச்சிருக்கேன்."

அவரே தொடர்ந்தார்.

"எங்க அப்பா விட்டாவ, நான் விட்டேன். எம்மவனும் விட்டிருப்பான். இப்ப நான் கம்பிய எடுத்தா, அந்தப் படத்துக்குப் பயந்து எடுத்தேன்னு ஆயிரும். நாளைக்கு எவனாவது அதக் கொண்டுட்டுக் கோர்ட்டுக்குப் போவான். நீங்க சர்வேயர்ட்ட வேல பாத்தவரு. படிக்காதவன் போட்டாலும் பரவால்ல. உங்களுக்குத் தெரியாதா தம்பி?"

தெரியும் என்று சொன்னேன். போனை வைத்தேன். பன்னிரண்டரை வருடமாக நான் கேலி செய்த அத்தனை பேரும், தெரியாமல்தான் தப்பு செய்தார்கள். எனக்கு அந்தச் சாக்கும் இல்லை. வெட்கமாக இருந்தது.

6

படத்திலிருந்து கோட்டை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். இந்த நாட்டில் பிறப்பதற்கும் சாவதற்கும் படிவம் இருக்கும்போது, கோட்டை அழிப்பதற்கு இருக்காதா? இருந்தது. திருத்தக் கோரிக்கைப் படிவம். காரணம் என்ற இடத்தில் பட்டியல். எழுத்துப் பிழை, ஆசிரியர் பெயர் மாற்றம், தரவுப் பிழை. "உண்மைதான், ஆனால் போட்டிருக்கக் கூடாது" என்பதற்குக் கட்டம் இல்லை.

பேராசிரியரிடம் போனோம், நானும் சுபாவும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாதை இருக்கிறதா, இல்லையா?" என்று கேட்டார். இருந்தது என்றேன். "அப்படியானால் அதை அழிப்பது அந்தப் பெண்களை இரண்டாம் முறை அழிப்பதாகும்" என்றார். முள்கம்பியைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அற்புதம்! எதிர்ப்பு! இதையே அடுத்த கட்டுரையாக எழுதலாமே" என்று சுபாவைப் பார்த்தார். எனக்கு அவர் தலையில் அந்தச் சட்டம் போட்ட படத்தை மாட்டிவிடலாம் போல இருந்தது.

சுபாவும் அன்றைக்கு அவர் பக்கம்தான். "அந்தப் பாதை இல்லாவிட்டால் என் அத்தியாயமே இல்லை அப்பா" என்றாள். "அது அத்தையின் பாதை. அதை அழிக்கச் சொல்ல உங்களுக்கு என்ன உரிமை?"

வீட்டுக்கு வந்ததும் நான் வாதம் பண்ணவில்லை. அக்காவைப் போனில் கூப்பிட்டு சுபாவின் கையில் கொடுத்தேன். ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது. அக்கா திட்டவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டாள். அங்கே குளிரா என்று கேட்டாள். கடைசியில்தான் சொன்னாள்.

"ஏட்டி, உன் படத்துல நான் நல்லா நடக்கேன். இங்கனதான் நடக்க முடியல."

 சுபா போனை மேசையில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். மறுநாள் காலையில் அவளே படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்தாள். தரவுப் பிழை என்ற கட்டத்தில் குறி போட்டிருந்தாள். களத்தில் சரிபார்த்தபோது அந்த இடத்தில் பாதை எதுவும் இல்லை என்று உறுதியானது என எழுதியிருந்தாள். ஆதாரமாக அக்கா எடுத்து அனுப்பிய புகைப்படம். சிமெண்டுத் தூண், முள்கம்பி, ஓரத்தில் அக்காவின் கட்டைவிரல். அத்தியாயம் போய்விட்டது, இனி முதலிலிருந்து எழுத வேண்டும் என்று சாதாரணமாகச் சொன்னாள். அரை வருட உழைப்பு. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, கட்டிக்கொண்டேன்.

பாதை இருந்தது என்றபோது எடுக்க முடியாது என்றவர்கள், கம்பி கட்டி அடைத்த புகைப்படத்தைப் பார்த்ததும் உடனே எடுத்துவிட்டார்கள். ஆய்விதழிலிருந்து கடிதம் வந்தது. வரைபடத்தைக் கள உண்மைக்கு நெருக்கமாகக் கொண்டுவந்ததற்கு நன்றி என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இவர்களுடைய உண்மை எப்படி உண்டாகிறது என்று யாராவது கேட்டால் காட்டலாம்.

7

திருத்திய படத்தை அண்ணாச்சிக்கும் மருமகனுக்கும் அனுப்பினேன். ஒரு பதிலும் இல்லை. ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. மாட்டுத் தரகர் வந்து சிவப்பியைப் பார்த்துவிட்டுப் போனார். அக்கா ஆவணி பிறக்கட்டும் என்று தவணை சொல்லியிருந்தாள்.

ஆடி கடைசி வெள்ளிக்கிழமை அக்கா கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது.

"தம்பி, கம்பியக் கழட்டிட்டாவ. தூண் நிக்கி, கம்பி இல்ல. நடுவுல ஒரு முள்ளுக்கிளைய வெட்டிப் போட்டிருக்காவ லே."

சித்திரையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆடி மாதத்தில் முள். அக்காவுக்கும் எனக்கும் அதற்கு அர்த்தம் சொல்ல யாரும் தேவைப்படவில்லை. நாளைக்குப் போய்க் கேள் என்றேன். "எனக்கு நீ சொல்லணுமாக்கும்" என்று போனை வைத்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. எங்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரம், அங்கே மாலைப் பால் கொண்டுபோகிற நேரம். வீடியோவில் அக்கா வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"காலம்பற போய்க் கேட்டேன். போ, வான்னாவ. அவியளே வந்து முள்ள இழுத்துப் போட்டாவ. ஏட்டி சுபா, இந்தா பாரு, நடக்கேன் பாரு!"

போனைத் திருப்பினாள். ஒரு கணம் தென்னை மரங்களும் ஈரத் தரையும் தெரிந்தன. சுபா தட்டை நகர்த்திவிட்டுப் போனுக்குக் கிட்டே வந்தாள்.

"அத்தை, வேண்டாம். கேமராவை அணைத்துவிடுங்கள்" என்றாள். "போனில் இருப்பிடம் காட்டுவதையும் அணைத்துவிடுங்கள். பேசிக்கொண்டே நடந்தால் போதும்."

அக்காவுக்கு எதை அமுக்குவது என்று தெரியவில்லை. சுபா பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். திரை கறுப்பானது. பால் கேனின் கைப்பிடி கிறீச்சிட்டது, காய்ந்த ஓலை காலில் மிதிபட்டது, அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே சிவப்பியைப் பற்றிப் பேசிக்கொண்டு போனாள். டீக்கடைச் சத்தம் கேட்கும் வரை நானும் சுபாவும் என் மனைவியும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம். பத்து நிமிடம்தான் ஆனது.